ஓர் ஆளுக்கு எத்தனை கதிர்? – பம்பாய், ஒசாகா ஆலைகளும் உழைப்பின் கணக்கும்



இலக்கியப் பேரவை நடத்தும் நினைவுப் பொழிவில் நூற்பாலைக் கணக்கு எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். காரணம் இருக்கிறது. 2023 அக்டோபரில் நாடறிந்த ஒரு மென்பொருள் நிறுவனத்தின் நிறுவனர், இந்திய இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் வேலை செய்ய வேண்டும் என்றார். இந்தியாவின் உற்பத்தித்திறன் உலகிலேயே மிகக் குறைந்தவற்றுள் ஒன்று என்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானியர் கூடுதல் நேரம் உழைத்ததை எடுத்துக்காட்டாகச் சொன்னார். அதே ஆண்டு ஏப்ரலில் 12 மணி நேர வேலைநாளுக்கு வழி திறக்கும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நமது சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்த பிறகு மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது.

இந்தப் பேச்சுகளில் ஒரு பழைய குரல் இருக்கிறது. களத்துமேட்டில் நின்ற பண்ணையார் நம் பாட்டன்மாரைப் பார்த்து, 'இவன்கள் ஒழுங்காக வேலை செய்ய மாட்டான்கள்' என்று சொன்ன குரல் அது. இன்று அது புள்ளிவிவரத்தோடு வருகிறது. ஆகவே அந்தப் புள்ளிவிவரத்தை நாம் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். 'இது முதலாளியின் கணக்கு, நமக்கு வேண்டாம்' என்று ஒதுக்கிவிட்டால் அதை எழுதுகிறவர்கள் நம்மைப் பற்றி எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்வார்கள்.

உற்பத்தித்திறன் என்பது ஒரு வகுத்தல் கணக்கு. விளைந்த பொருளின் அளவை ஆள் எண்ணிக்கையால் வகுக்கலாம். உழைத்த மணி நேரத்தாலும் வகுக்கலாம். இரண்டுக்கும் விடை வேறு. 8 மணி வேலையை 12 மணியாக்கினால் ஓர் ஆளுக்கான விளைச்சல் கூடும். ஒரு மணிக்கான விளைச்சல் கூடாது. உடல் களைத்தால் குறையும். வேலை நேரத்தைக் கூட்டிவிட்டு 'திறன் கூடியது' என்று சொல்கிறவர் எதை எதால் வகுத்தார் என்று முதலில் கேட்க வேண்டும்.

இன்று நாம் எடுத்துக்கொள்ளும் ஒப்பீடு, இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே 1880கள் தொடங்கி 1930கள் வரை பருத்தி ஆலைகளில் நடந்தது. ஒரே பொருளை, ஏறக்குறைய ஒரே இயந்திரத்தில் செய்த இரண்டு நாடுகள் என்பதால் பொருளியல் அறிஞர்கள் இதைத் திரும்பத் திரும்ப ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த ஆலைகளுக்குள் தலித் தொழிலாளர்கள் இருந்தார்கள் என்பதால் இது நம் வரலாறும் ஆகும்.

ஒரே இயந்திரம், இரண்டு ஊர்

பம்பாயின் முதல் பருத்தி ஆலை 1850களில் காவஸ்ஜி தாவரின் முயற்சியில் வந்தது. ஒசாகா நூற்பு நிறுவனம் ஷிபுசாவா எய்ச்சியின் முன்முயற்சியில் 1882இல் தொடங்கப்பட்டது. பம்பாய்க்கு ஒரு தலைமுறை முன்னனுபவம் இருந்தது. அந்த ஆண்டுகளில் ஜப்பானியச் சந்தையில் பம்பாய் நூல் விற்றது. இரண்டு ஊர்களும் இயந்திரங்களை வாங்கியது லங்காஷயரில், பிளாட் பிரதர்ஸ் போன்ற அதே நிறுவனங்களிடம். 1893இல் டாடாவும் ஜப்பானியக் கப்பல் நிறுவனமும் சேர்ந்து பம்பாய்க்கும் கோபேவுக்கும் இடையே கப்பல் ஓட்டத் தொடங்கிய பிறகு இந்தியப் பஞ்சு மலிவாக ஜப்பான் போய்ச் சேர்ந்தது. 1897இல் ஜப்பான் இறக்குமதி செய்த நூலைவிட ஏற்றுமதி செய்த நூல் அதிகமாகிவிட்டது.

இவ்வளவு நடந்த பிறகும் உழைப்பின் கணக்கில் இரண்டு நாடுகளும் நெடுங்காலம் ஒரே வரிசையில்தான் இருந்தன. கிரிகரி கிளார்க் என்ற பொருளியல் வரலாற்றாசிரியர் 1987இல் ஒரு கட்டுரை எழுதினார். 1910இல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து ஆலையில் ஒரு தொழிலாளி செய்த வேலையைச் செய்ய பிரிட்டனில் ஒன்றரை ஆள், ஜெர்மனியில் 2.3 ஆள், இந்தியாவிலும் ஜப்பானிலும் சீனாவிலும் கிரீசிலும் ஏறக்குறைய 6 ஆள் தேவைப்பட்டார்கள் என்பது அவரது கணக்கு. இந்த வேறுபாட்டுக்கு இயந்திரமோ, நிர்வாகமோ, பயிற்சியோ காரணம் அல்ல, அந்தந்த ஊரின் பண்பாடே காரணமாகத் தெரிகிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

அதன்பின் கால் நூற்றாண்டில் என்ன ஆயிற்று? 1927இல் இந்தியச் சுங்கவரி வாரியம் முன்வைத்த கணக்குப்படி இந்தியாவில் ஓர் ஆள் பார்த்துக்கொண்டது 180 கதிர், ஜப்பானில் 240, இங்கிலாந்தில் 540 முதல் 600 வரை, அமெரிக்காவில் 1120. பம்பாய் நெசவாளி இரண்டு தறி ஓட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் ஜப்பான் இன்னும் வேகமாக முன்னேறியது. 1933இல் பருத்தித் துணி ஏற்றுமதியில் அது பிரிட்டனையே முந்தியது. அதே ஆண்டு இந்திய அரசு ஜப்பானியத் துணி மீதான வரியை 75 சதவீதமாக உயர்த்தித்தான் இங்கிருந்த ஆலைகளைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 1910இல் ஜப்பானியரும் இந்தியரும் ஒரே அளவு 'திறனற்றவர்கள்'. 1930களில் ஜப்பானியர் உலகையே விலைக்கு வாங்கும் திறனாளிகள். பண்பாடுதான் காரணம் என்றால் ஒரு நாட்டின் பண்பாடு இருபது ஆண்டில் மாறிவிடுமா? ஒரு மக்களின் இரத்தத்திலோ குணத்திலோ இருப்பதாகச் சொல்லப்படுவது அவ்வளவு விரைவில் மாறாது. மாறியது வேறு ஏதோ. அதைத் தேட ஆலைக்குள் போக வேண்டும்.

நூல் அறுந்தால் யார் பொறுப்பு?

ரிங் பிரேமில் வேலை செய்பவரின் முக்கியமான வேலை, அறுந்த இழையைப் பிணைப்பது. கதிர்கள் தாமாகச் சுழல்கின்றன. தொழிலாளி வரிசையின் ஓரமாக நடந்துகொண்டே எங்கே நூல் அறுந்திருக்கிறதோ அங்கே ஒட்டவைக்கிறார். ஒருவர் எத்தனை கதிர்களைப் பார்க்க முடியும் என்பது அவருடைய சுறுசுறுப்பை மட்டும் பொறுத்ததல்ல. ஒரு மணி நேரத்தில் எத்தனை இழை அறுகிறது என்பதைப் பொறுத்தது.

இழை ஏன் அறுகிறது? பஞ்சு குட்டை இழையாக இருந்தால் அறும். குட்டை இழைப் பஞ்சிலிருந்து தாங்காத அளவுக்கு மெல்லிய நூல் இழுத்தால் மேலும் அறும். கூடத்தில் ஈரப்பதம் குறைந்தால் அறும். இயந்திரத்தைச் சரியாகப் பராமரிக்காவிட்டால் அறும். ஜப்பானிய ஆலைகள் இந்தியப் பஞ்சோடு நீண்ட இழை அமெரிக்கப் பஞ்சைக் கலந்து நூற்பதில் தேர்ச்சி பெற்றன. பெரிய வணிக நிறுவனங்கள் அவற்றுக்காகப் பல நாடுகளில் பஞ்சு வாங்கின. பம்பாய் ஆலைகள் பெரும்பாலும் உள்நாட்டுக் குட்டைப் பஞ்சையே நம்பின. பஞ்சை வாங்கியது முதலாளி. கலந்தது நிர்வாகம். இயந்திரத்தின் வேகத்தை வைத்தது மேலாளர். நூல் அறும்போது ஓடியது தொழிலாளி. ஆண்டுக் கடைசியில் கணக்கு எழுதும்போது '180 கதிர்' என்ற எண் தொழிலாளியின் பெயரில் எழுதப்பட்டது.

அறுபடும் இழை அதிகமுள்ள 180 கதிருக்கு, குறைவாக அறும் 240 கதிரைவிட அதிக நடை தேவைப்படலாம். கதிர் எண்ணிக்கையை வைத்து மட்டும் யார் அதிகம் உழைத்தார் என்று சொல்லவே முடியாது.

ஒசாகாவின் விலை

ஜப்பானை இலட்சிய நாடாகக் காட்டவும் நாம் வரவில்லை. அந்த ஆலைகளில் பெரும்பாலும் வேலை செய்தவர்கள் ஏழை உழவர் வீட்டு இளம்பெண்கள். தகப்பனிடம் முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டு அழைத்து வந்தார்கள். ஆலை வளாகத்திலேயே விடுதி. வெளியே போக அனுமதி தேவை. ஒசாகா நூற்பு நிறுவனம் 1880களிலேயே மின்விளக்கு வைத்து இரவிலும் ஆலையை ஓட்டியது. இரண்டு ஷிப்ட், ஒவ்வொன்றும் 11, 12 மணி நேரம். இந்தியாவில் பெண்களின் இரவு வேலைக்குச் சட்டத் தடை இருந்த காலத்திலும் ஜப்பானில் அது தொடர்ந்தது. 1911இல் தொழிற்சாலைச் சட்டம் இயற்றி, 1916இல் அமலாக்கி, பெண்களின் இரவு வேலையை 1929இல்தான் நிறுத்தினார்கள்.

ஆலைப் பெண்களிடையே பரவிய காசநோயைப் பற்றி ஒசாமு இஷிஹாரா என்ற மருத்துவர் 1913இல் ஆய்வு வெளியிட்டார். நோயோடு ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் அந்த நோயைக் கிராமங்களுக்கும் கொண்டுபோனார்கள். வாக்கிஸோ ஹொசோய் என்பவர் தாமே ஆலைத் தொழிலாளி. அவர் ஆலைப் பெண்களின் துயர வரலாற்றை ஒரு நூலாக எழுதி 1925இல் வெளியிட்டார். அதே ஆண்டு, முப்பது வயதைத் தொடுமுன் இறந்துபோனார். ஜப்பானின் உழைப்புத் திறனைப் பாராட்டிப் பேசுகிறவர்கள் இந்த இரண்டு பேரையும் ஏனோ குறிப்பிடுவதில்லை.

இன்னொரு பாடமும் இங்கே உண்டு. இரவு வேலைத் தடை வரப்போகிறது என்று தெரிந்ததும் ஜப்பானிய ஆலைகள் நல்ல இயந்திரங்களை நோக்கித் திரும்பின. டொயோடாவின் தானியங்கித் தறி 1924இல் வந்தது. 1929இல் அதன் காப்புரிமையை லங்காஷயரின் பிளாட் நிறுவனமே விலை கொடுத்து வாங்கியது. ஒரு காலத்தில் இயந்திரம் விற்றவர் இப்போது வாங்குகிறவர் ஆனார். தொழிலாளியின் வேலை நேரத்தைச் சட்டம் குறைத்த காலத்தில்தான் மணிக்கான விளைச்சல் வேகமாக உயர்ந்தது. பாதுகாப்புச் சட்டங்கள் உற்பத்தியைக் கெடுக்கும் என்று இன்று சொல்கிறவர்கள் இந்த ஆண்டுகளைப் படிக்கட்டும்.

சூசன் வால்காட் என்ற ஆய்வாளர் 1994இல் இந்த இரு நாடுகளையும் ஒப்பிட்டு ஒரு விளக்கம் தந்தார். ஜப்பானிய ஆலைப் பெண்கள் சில ஆண்டுகளே வேலை செய்து திருமணத்துக்காகப் போய்விடுவார்கள். ஆளுக்கு அதிக இயந்திரம் என்று நிர்வாகம் சொன்னால் எதிர்த்து நிற்க அவர்களுக்கு நீண்டகால நலன் இல்லை. பம்பாய்த் தொழிலாளர்கள் வாழ்நாள் முழுக்க ஆலையையே நம்பிய ஆண்கள். ஒருவர் கூடுதல் இயந்திரம் பார்த்தால் இன்னொருவர் வேலை போகும் என்று அவர்களுக்குத் தெரியும், ஆகவே எதிர்த்தார்கள் என்பது அவரது வாதம். இதில் உண்மை இருக்கிறது. அந்த எதிர்ப்பைச் சோம்பல் என்று பெயரிட நாம் சம்மதிக்க முடியாது. வேலையிழப்புக்கு ஈடோ, மாற்று வேலையோ இல்லாத இடத்தில் பக்கத்தில் நிற்பவரின் பிழைப்பைக் காப்பது அறிவுள்ள செயல்.

தறிக்கூடத்தின் சுவர்

இப்போது பம்பாய் ஆலைக்குள் இருந்த இன்னொரு கணக்குக்கு வருவோம். பொருளியல் கட்டுரைகள் இதை ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன.

அன்றைய தறியில் நாடாவுக்குள் ஊடைத் தார் தீர்ந்ததும் புதுத் தார் வைத்து, நாடாவின் கண்ணில் வாய் வைத்து உறிஞ்சி நூலை வெளியே இழுப்பார்கள். ஒரே நாடா பல பேர் வாய்க்குப் போகும். 'தீண்டத்தகாதவர்' எச்சில் பட்ட நாடாவைத் தொட மாட்டோம் என்று சாதி இந்து நெசவாளர்கள் சொன்னார்கள். ஆகவே நெசவுப் பிரிவில் மகர் உள்ளிட்ட நம் மக்களுக்கு இடமில்லை. நெசவுதான் கூலி அதிகமுள்ள பிரிவு. நம்மவர்கள் கூலி குறைந்த ரிங் பிரேம் பிரிவிலும் மற்ற கடைநிலை வேலைகளிலும் நிறுத்தப்பட்டார்கள். ஆள் எடுப்பது ஜாபர் என்ற மேஸ்திரியின் கையில் இருந்தது. தன் ஊர், தன் சாதி, தனக்குக் கொடுக்கப்படும் கையூட்டு ஆகியவற்றை வைத்து அவர் ஆள் சேர்த்தார்.

நாடாவை வாயால் உறிஞ்சும் வழக்கம் லங்காஷயரிலும் அமெரிக்காவிலும் இருந்தது. அங்கே அது நோய் பரப்பும் வழக்கமாகப் பார்க்கப்பட்டது. மாசசூசெட்ஸ் மாநிலம் 1911இல் சட்டம் போட்டுத் தடுத்தது. வாய் வைக்காமல் நூல் கோக்கும் நாடாக்கள் அதற்கு முன்பே வந்திருந்தன. 1890களில் வந்த நார்த்ராப் தானியங்கித் தறியின் நாடா தானே நூலைக் கோத்துக்கொள்ளும். எளிய ஒரு கருவியை மாற்றினால் தீர்ந்துவிடும் சிக்கல். பம்பாயில் கருவியை மாற்றவில்லை. ஆட்களை விலக்கி வைத்தார்கள். முதலாளிக்கு அதில் உடனடி நட்டம் தெரியவில்லை. சாதித் தொழிலாளிக்கு அதில் கூலியும் பெருமையும் கிடைத்தது.

இது உற்பத்தித்திறனைத் தொடாமல் இருக்குமா? ஒரு நெசவாளி வராத நாளில் அவரது தறியில் நிற்க வாசலில் காத்திருந்த தலித் பத்லிக்கு அனுமதி இல்லை. ரிங் பிரேமில் பத்தாண்டு வேலை செய்து கைத்திறன் பெற்றவர் அடுத்த கூடத்துக்கு உயர வழி இல்லை. சாதியால் மட்டுமே பம்பாய் ஒசாகாவிடம் தோற்றது என்று சொன்னால் அது மிகை. பஞ்சு, நிர்வாகம், இயந்திரம், வேலை நேரம், காலனி ஆட்சியின் வரிக்கொள்கை எல்லாம் சேர்ந்த கதை அது. ஆனால் ஜாதிச் சுவரைக் கணக்கில் சேர்க்காமல் இந்தியத் தொழிலாளியின் திறனை அளப்பது, காலைக் கட்டிவிட்டு ஓட்டத்தை அளப்பது போன்றது. ஜப்பானிலும் புராக்குமின் மக்கள் விலக்கி வைக்கப்பட்டார்கள். 1922இல் அவர்கள் சுய்ஹெய்ஷா என்ற சமத்துவ இயக்கத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. விலக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. கூடத்துக்குக் கூடம் சாதிவாரியாகப் பூட்டு போட்டது இந்நாட்டு ஆலைகளின் தனித்தன்மை.

1928இல் பம்பாய் ஆலை முதலாளிகள் 'திறன்' திட்டத்தோடு வந்தார்கள். நெசவாளிக்கு இரண்டுக்குப் பதில் மூன்று தறி. நூற்பவருக்கு ஒரு பக்கத்துக்குப் பதில் இரண்டு பக்கம். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது அம்பேத்கர் ஒரு கேள்வி கேட்டார். தறிக்கூடத்தில் எங்கள் மக்களை அனுமதிக்கும் கோரிக்கை உங்கள் பட்டியலில் உண்டா? அது சேர்க்கப்படாவிட்டால் ஒடுக்கப்பட்ட மக்களின் ஆதரவு கிடைக்காது என்று அழுத்தம் கொடுத்த பிறகே தலைவர்கள் அரைமனதோடு அதைச் சேர்த்தார்கள். கோரிக்கை முதலாளிகளிடம் போனபோது, இந்த அநீதிக்கு நாங்களா பொறுப்பு என்று அவர்கள் திருப்பிக் கேட்டதாக அம்பேத்கரின் வாழ்க்கை வரலாறு பதிவு செய்கிறது. முதலாளியும் கைகழுவினார், சங்கமும் தயங்கியது. 1929இல் மீண்டும் வேலைநிறுத்தம் வந்தபோது அம்பேத்கர் அதை எதிர்த்தார். அதை மட்டும் எடுத்துக்கொண்டு அவரை உழைப்பாளர் விரோதி என்று பேசியவர்கள் உண்டு. முந்தைய ஆண்டின் அந்தப் பட்டியலைப் படிக்காமல் அந்த முடிவைப் புரிந்துகொள்ள முடியாது.

நமக்கு இது தொலைதூரக் கதை அல்ல. 1921இல் சென்னை பெரம்பூரில் பக்கிங்ஹாம் – கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தம் சாதிவாரியாகப் பிளந்தபோது புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. ஒற்றுமையில்லாத தொழிலாளர் அணி முதலாளியிடமும் தோற்றது, தனக்குள்ளும் தோற்றது.

அம்பேத்கர் இரண்டு பகையையும் ஒன்றாகவே பார்த்தார். 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1938 பிப்ரவரியில் மன்மாடில் இரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில், உழைப்பாளர்களுக்குப் பார்ப்பனியம், முதலாளித்துவம் என்ற இரண்டு எதிரிகள் உண்டு என்று விளக்கினார். அதே ஆண்டு நவம்பரில் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து பம்பாயில் வேலைநிறுத்தம் நடத்தினார். 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்தார். வாரம் 54 மணி நேரமாக இருந்த ஆலை வேலை 48 மணி நேரமாகக் குறைந்த 1946ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் காலப் பணியின் விளைவு. இன்று 70 மணி நேரம் கேட்கிறவர்கள் 1946க்கு முன்னால் மட்டுமல்ல, 1922ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த 60 மணி நேரத்துக்கும் முன்னால் நம்மைக் கொண்டுபோகப் பார்க்கிறார்கள்.

ஒசாகா விடுதி நம் ஊருக்கு வந்த கதை

ஒசாகாவில் பிள்ளைகளை அடைத்து வைத்த விடுதி முறை அங்கே முடிந்துபோனது. அதன் சாயல் நம் கொங்கு மண்டலத்துக்கு வந்தது. 1990களின் இறுதி தொடங்கி கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் திருமணமாகாத இளம்பெண்களை எடுத்தார்கள். மூன்றாண்டு ஒப்பந்தம். ஆலை வளாகத்தில் தங்கல். முடிவில் மொத்தமாக ஒரு தொகை. அதைத் திருமணச் செலவுக்கு என்று தாய் தகப்பனிடம் சொல்லி அழைத்து வந்தார்கள். ஒப்பந்தம் முடியுமுன் நோயுற்று வெளியேறியவர்கள் பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை. வந்தவர்களில் மிகப் பலர் நம் சேரிகளின் பிள்ளைகள். வால்காட் சொன்ன காரணமே இங்கும் வேலை செய்தது: மூன்றாண்டில் போய்விடுகிறவள் சங்கம் வைக்க மாட்டாள். தமிழக நூலின் உற்பத்தித்திறன் என்று பெருமையாகச் சொல்லப்படுவதில் இந்தப் பிள்ளைகளின் இரவுகளும் இருக்கின்றன.

ஆகவே தோழர்களே, நாட்டுக்கு நாடு, மாநிலத்துக்கு மாநிலம் உழைப்பை ஒப்பிடும் அட்டவணை நம் முன் வைக்கப்படும்போது நாம் நான்கு கேள்விகள் கேட்போம். தொழிலாளி கையில் என்ன பஞ்சு, என்ன இயந்திரம் கொடுக்கப்பட்டது? எத்தனை மணி நேரம், யாருடைய உடலிலிருந்து அந்த விளைச்சல் எடுக்கப்பட்டது? எந்தக் கூடத்தின் வாசலில் யார் நிறுத்தப்பட்டார்கள்? கூடிய விளைச்சலில் கூலிக்கு எவ்வளவு வந்தது? இந்த நான்குக்கும் விடை இல்லாத அட்டவணை, மனிதரின் தரத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று உரக்கச் சொல்வோம்.

உற்பத்தித்திறன் கூடுவதை நாம் எதிர்க்கவில்லை. குறைந்த நேரத்தில் நிறைய விளைந்தால் உழைக்கிற மக்களுக்கு ஓய்வும் படிப்பும் கிடைக்கும். நம் மக்களுக்கு அது மற்றவர்களைவிட அதிகமாகத் தேவை. நல்ல கருவி, நல்ல பயிற்சி, எல்லாக் கூடத்துக்கும் திறந்த கதவு, வேலையிழந்தால் ஈடு, கூடிய விளைச்சலில் பங்கு. இவற்றோடு வரும் திறனை நாமே கேட்டு வாங்குவோம்.

கடைசியாக எழுதுகிறவர்களுக்கு ஒரு சொல். ஒசாகா ஆலையின் உள்ளே என்ன நடந்தது என்பது உலகுக்குத் தெரிந்ததற்கு ஹொசோய் போன்ற ஒரு தொழிலாளி எழுதியது பெரிய காரணம். மராத்தியில் அண்ணாபாவ் சாத்தே பம்பாய் ஆலையில் வேலை செய்தவர். அந்த வாழ்க்கையிலிருந்து அவர் எழுத்து வந்தது. தமிழில் நம் நூற்பாலைப் பெண்களின் கதை இன்னும் அவர்கள் வாயாலேயே போதிய அளவு எழுதப்படவில்லை. இங்கிருக்கும் மாணவர்களில் பலரது அக்காமார், சித்திமார் அந்த விடுதிகளில் இருந்து வந்தவர்கள். அவர்களிடம் போய் உட்காருங்கள். எத்தனை கதிர் பார்த்தார்கள், ஒரு ஷிப்டில் எவ்வளவு தூரம் நடந்தார்கள், மேற்பார்வையாளர் என்ன சாதிப் பெயர் சொல்லித் திட்டினார், கடைசியில் கையில் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். அந்தக் குறிப்பேடுகள் இந்தப் பேரவையின் அடுத்த வெளியீடாக வரட்டும்.